சமர்ப்பித்தவர் பெயர்

1. டொக்டர் ஓடி வந்த நாள்

எங்கள் டொக்டர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் எங்கள் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துத் தலைமை விஞ்ஞானி. நிலையத்துக்கு மந்திரி வந்த அன்றும் நடந்துதான் போனார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் தன் அறையிலிருந்து லெப் வரைக்கும் ஓடி வந்தார். கையில் ஒரு பிரின்ட் அவுட் இருந்தது.

"வசந்தி, கதவச் சாத்து. யார்கிட்டயும் சொல்லிறாத. நாட்டுக்குள்ள வந்துடுச்சு" என்றார். அவர் பேசுவது சிங்களத்தில். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

காகிதத்தின் முதல் வரியில் ஒரு பூஞ்சையின் லத்தீன் பெயர் இருந்தது. தென் அமெரிக்க இலைக்கருகல் நோயை உண்டாக்கும் பூஞ்சை அது. ரப்பர் வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லிப் பயமுறுத்திய பிறகுதான் மற்றப் பாடங்களைத் தொடங்குவார்கள். அது போன இடத்தில் பெரிய பெரிய தோட்டங்களையே கைவிட்டிருக்கிறார்கள். நம் பக்கத்து நாடுகள் எதிலும் இன்னும் இல்லை. வந்துவிட்டால் மரத்தை வெட்டி அந்த இடத்திலேயே எரிக்க வேண்டும் என்பது சட்டம்.

கித்துல்கலப் பக்கம் ஒரு தோட்டத்தில், நாலாம் நம்பர் மலையில், இரண்டு வாரமாக இலை கொட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து நான் கொண்டுவந்த இலையில் வளர்ந்த பூஞ்சைதான் இப்படிப் பெயர் எடுத்திருந்தது.

யாரிடமும் சொல்லாதே என்ற டொக்டர், பகல் சாப்பாட்டுக்கு முன்னால் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கும், தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கும், தன் மனைவிக்கும், கென்டீன்காரருக்கும் சொல்லி முடித்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆள் மிச்சமிருக்கவில்லை.

2. நான்கு எழுத்துகள்

நான் விஞ்ஞானி இல்லை. கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். நான் ஏ லெவல் முடித்து, ரப்பர் ஆராய்ச்சித் துணை நிலையமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்து, இந்த வருடம் ஓய்வு பெற்றேன். டேட்டாபேஸ் வேலை எனக்கு வந்ததற்குக் காரணம் தகுதி அல்ல. லத்தீன் பெயர்களை எழுத்துப் பிழையில்லாமல் டைப் பண்ண நிலையத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். இந்தக் கதையின் முடிவு தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.

புதிதாக லெப்புக்கு வருகிறவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிருள்ள எதை எடுத்தாலும் அதற்குள் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் எழுதிய மிக நீளமான வாசகம் ஒன்று இருக்கிறது. முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. பூஞ்சை என்றால் அடையாளத்துக்கென்று ஒரு சின்னத் துண்டு உண்டு. சுமார் அறுநூறு எழுத்து. இலையிலிருந்து பூஞ்சையை வளர்த்து, டி.என்.ஏ. பிரித்து, அந்தத் துண்டைப் பெருக்கி, சின்ன டியூப்பில் கொழும்புக்கு அனுப்புவோம். அங்கே படித்து எழுத்துகளை ஈமெயிலில் அனுப்புவார்கள். இதற்குத்தான் சீக்குவென்ஸ் என்று பெயர்.

எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. யாருடைய எழுத்து என்று தெரிய வேண்டும். அதற்காக அமெரிக்காவில் ஒன்று, ஐரோப்பாவில் ஒன்று, ஜப்பானில் ஒன்று என்று மூன்று பெரிய களஞ்சியங்கள் இருக்கின்றன. உலகத்தில் எந்த லெப்பில் எதன் எழுத்தைப் படித்தாலும் இவற்றில் ஒன்றில் போட்டுவைக்கலாம். ஒன்றில் போட்டால் மூன்றிலும் வந்துவிடும். போட்டதும் ஒரு அக்செஷன் நம்பர் தருவார்கள். அந்தப் பதிவில் எழுத்துகள் மட்டும் இருக்காது. உயிரினத்தின் பெயர், எந்த மரத்தில் எடுத்தது, எந்த நாடு, எப்போது, யார் எடுத்தார், யார் சமர்ப்பித்தார் எல்லாம் இருக்கும். காசு கிடையாது. வாசலில் காவலும் கிடையாது. யாரும் போய்ப் பார்க்கலாம்.

நம்மிடம் உள்ள எழுத்தை பிளாஸ்ட் என்ற தேடலில் ஒட்டினால், களஞ்சியத்தில் அதற்கு மிக நெருக்கமான பதிவுகளை வரிசையாகக் காட்டும். முதல் வரியில் நிற்பது மிக நெருக்கமானது. அன்றைக்கு டொக்டர் பார்த்தது அந்த முதல் வரியை. நூறு வீதம் பொருத்தம் என்று இருந்தது. நூறு என்ற எண்ணுக்கு ஒரு குணம் உண்டு. அதைப் பார்த்த பிறகு இரண்டாவது வரிக்கு யாரும் போவதில்லை.

3. சிவப்பு பெயின்ட்

புதன்கிழமை மேலும் இலை எடுக்க என்னைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறும்போதே காலில் இரண்டு அட்டை. நாலாம் நம்பர் மலையில் துரையின் ஆட்கள் எனக்கு முன்னால் வந்துவிட்டார்கள். மரத்துக்கு மரம் நெஞ்சு உயரத்தில் சிவப்பு பெயின்டால் பெருக்கல் அடையாளம் போட்டுக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை வெட்டு.

அந்த மலையில் பால் வெட்டுகிறவர்களில் புஷ்பம் என்ற பெண்ணை எனக்குத் தெரியும். முதல் தடவை இலை எடுக்க வந்தபோது, எந்த மரத்தில் எப்போது கொட்டத் தொடங்கியது என்று ஒவ்வொன்றாகக் காட்டியவள் அவள்தான். எனக்கு எட்டாத கொப்பை வளைத்து இலையைப் பிய்த்துத் தந்ததும் அவள்தான். இப்போது கத்தியும் வாளியுமாக ஒரு மரத்தடியில் சும்மா நின்றாள்.

"மிஸ், இதெல்லாம் எரிக்கப் போறாங்களாம். நெசமா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"என்ன நோய்ன்னு கேட்டா, தொர ஏதோ அமெரிக்கா நோய்ங்கிறாரு. அமெரிக்காவுல இருந்து இந்த மலைக்கு யாரு மிஸ் வந்தா? எங்க லயத்து வீடுங்களுக்குத் தபால்காரரே வர்றதில்ல."

நான் பையிலிருந்து இலை போடும் உறையை எடுத்தேன்.

"வெட்டிப்புட்டு புதுசா நட்டா, பால் குடுக்க ஆறு ஏழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நாங்க எத வெட்டுறது? மத்த மலையில ஏற்கனவே ஆள் இருக்கு. சூப்பவைசர் ஐயா பேர் லிஸ்ட் எழுதுறாரு, யார நிப்பாட்டுறதுன்னு. எங்க வீட்டுல நேத்துல இருந்து யாருக்கும் சோறு எறங்கல."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க நம்ம ஆளு. நீங்களே சொல்லுங்க. டெஸ்ட்ல நல்லாத்தான் பாத்தீங்களா?"

"கம்பியூட்டர்ல நூத்துக்கு நூறு வந்திருக்கு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கம்பியூட்டரை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கும் அன்றைக்கு வரவில்லை.

4. கீழே வரைக்கும்

வியாழக்கிழமை காலையில் வந்து கம்பியூட்டரைத் திறந்தேன். சந்தேகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. புஷ்பம் கேட்டது காதில் இருந்தது, அவ்வளவுதான். நல்லாத்தான் பார்த்தோமா?

டொக்டருடைய பட்டியலை எடுத்து இரண்டாவது வரியைப் பார்த்தேன். "பெயர் அறியப்படாத பூஞ்சை." மூன்றாவதும் அதுவே. பத்தாவது வரை அதுவே. உலகத்தில் பலர் இதே மாதிரிப் பூஞ்சையை எடுத்து, என்னவென்று தெரியாமல், தெரியாது என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பயங்கரப் பெயர் முதல் வரியில் மட்டும்தான்.

அடுத்து, அந்த நோயின் பெயரை வைத்துத் தேடினேன். தென் அமெரிக்காவில் உள்ளவர்கள் போட்ட பதிவுகள் வந்தன. அவற்றை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டேன். எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி ஒத்துப்போயின. எங்கள் இலையின் எழுத்தை அவற்றின் பக்கத்தில் வைத்தேன். ஒட்டவே இல்லை. அதாவது, அந்தப் பெயரில் இருக்கும் பதிவுகளில் ஒன்றே ஒன்றுதான் எங்கள் பூஞ்சையோடு பொருந்துகிறது. அந்த ஒன்று தன் பெயரில் உள்ள மற்ற எதனோடும் பொருந்தவில்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறைக்கவில்லை, சொல்கிறேன். எவனோ ஒரு வெள்ளைக்காரன் பிழையாகப் பெயர் எழுதியிருக்கிறான், கரவனெல்லக்காரி கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவன் யார் என்று பார்க்க பதிவைத் திறந்து கீழே வரைக்கும் உருட்டினேன். நாடு என்ற இடம் வெறுமையாக இருந்தது. மரம் என்ற இடம் வெறுமை. எடுத்தவர் வெறுமை. சோம்பேறிப் பயல் என்று நினைத்தேன்.

சமர்ப்பித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

நான் அந்தப் பக்கத்தை மூடினேன். கென்டீனுக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்தேன். திரும்பி வந்து மறுபடி திறந்தேன். பெயர் மாறியிருக்கவில்லை. எழுத்துப் பிழைகூட இல்லை.

எட்டு வருடத்துக்கு முந்தைய பதிவு அது. பழைய ஃபோல்டரைத் தேடி எடுத்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வருடம் வெளிநாட்டு லெப் ஒன்று, நோய் வந்தால் அடையாளம் காண உதவும் என்று, அந்தப் பூஞ்சையின் டி.என்.ஏ.வை மட்டும் ஒரு டியூப்பில் அனுப்பியிருந்தது. உயிர் இல்லாதது, ஆபத்து இல்லை. அதே வாரம் உள்ளூர் இலையில் எடுத்த ஏதோ ஒரு பூஞ்சையும் படிக்கப் போனது. தென் அமெரிக்க டியூப்பில் S என்ற எழுத்தும் I என்ற ஆங்கில எழுத்தும் எழுதியிருந்தோம். உள்ளூர் டியூப்பில் S என்ற எழுத்தும் 1 என்ற இலக்கமும். அதை எழுதிய கை என்னுடையது. என் கையெழுத்தில் அந்த I-யும் 1-உம் இரட்டைப் பிள்ளைகள்.

வருடக் கடைசியில் டொக்டர் வந்து, "ஆண்டறிக்கைல டேட்டாபேஸுக்கு எத்தின சீக்குவென்ஸ் குடுத்தோம்னு ஒரு கட்டம் இருக்கு வசந்தி. கைல இருக்கிறதெல்லாம் போட்டு விடு" என்றார். போட்டு விட்டேன். கட்டாயமான இடங்களை நிரப்பினேன். கட்டாயமில்லாத இடங்களை விட்டேன். நோயின் பெயரில் போனது உள்ளூர்ப் பூஞ்சையின் எழுத்து. களஞ்சியத்துக்காரர்கள் படிவம் சரியா என்று பார்த்து நம்பர் தந்தார்கள். பெயரும் எழுத்தும் ஒன்றுக்கொன்று உரியவையா என்பது, அனுப்புகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். அந்த வருடம் எங்கள் கட்டத்தில் நல்ல எண்ணிக்கை வந்தது. டொக்டர் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

ஆக, உலகத்தைக் கேட்டோம் என்று நினைத்தோம், கேட்டது எங்களையே. பதில் சொன்னதும் நாங்கள்தான்.

5. இல்லாத ட்ரெய்னி

டொக்டரிடம் எல்லாவற்றையும் திறந்து காட்டினேன். அவர் கெட்டிக்காரர். விளங்கிக்கொள்ள ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. விளங்கியபின் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"நாளைக்குத் தோட்டத்துல மீட்டிங். கொழும்புல இருந்து பயிர் நோய்த் தடுப்பு குவாரன்டைன் ஆபீஸ் மேடம் வர்றா. இந்த நோய்தான்னு நான் கையெழுத்துப் போட்டு லெட்டர் அனுப்பிட்டேன் வசந்தி."

"தெரியும் சேர்."

கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். முகம் தெளிந்தது. "டேட்டாபேஸ்ல பிழைன்னு சொல்லுவோம். அது உண்மைதானே?"

"உண்மைதான் சேர். யார் போட்டதுன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"ஒரு கிளிக்தான் சேர். நாமதான் முதல் வரியோட நிப்பாட்டிட்டோம். அவங்க கீழ வரைக்கும் பாத்தா?"

"அப்ப... அந்த நேரம் ஒரு ட்ரெய்னி இருந்தான், அவன் உன்ட லொகினப் பாவிச்சுப் போட்டுட்டான்னு சொல்லுவோம். இப்ப ஆள் வெளிநாட்டுல."

"அந்த வருஷம் நமக்கு ட்ரெய்னியே தரல்ல சேர். நீங்க கேட்டு எழுதின லெட்டர் ஃபைல்ல இருக்கு."

தலைமை அலுவலகம் எட்டு வருடத்துக்கு முன் தர மறுத்த ட்ரெய்னியை, தேவைப்பட்ட அன்றைக்கு டொக்டர் தானாகவே நியமித்துக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. என்னையும் சேர்த்துக் காப்பாற்றத்தான் பார்த்தார். அடுத்த மாதம் எனக்கு முதலாம் தரத்துக்கான நேர்முகம் இருந்தது.

"உன் ப்ரமோஷனையும் நினைச்சுப் பாத்துத்தான் சொல்றேன்" என்றார்.

நானும் நினைத்தேன். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் முழு நேரமும் அதைத்தான் நினைத்தேன். ட்ரெய்னிக்கு ஒரு பெயர்கூட யோசித்துவிட்டேன். நல்ல பெயர். ஆனால் குவாரன்டைன் மேடம் நம்பாவிட்டால், பொய்யோடு சேர்த்து உண்மையையும் தள்ளிவிடுவார். திங்கட்கிழமை மலை எரியும். அந்த இடம் வந்ததும் ட்ரெய்னியைப் பஸ்ஸிலேயே இறக்கி விட்டேன்.

6. துரை பங்களாவில்

வெள்ளிக்கிழமை மீட்டிங் துரையின் பங்களாவில் நடந்தது. துரை இளம் ஆள். பொலித்தீன் உறையில் போட்ட எரிப்புத் திட்டத்தோடு தயாராக இருந்தார். குவாரன்டைன் மேடம் அதிகம் பேசாத பெண்மணி. டொக்டர் எழுந்து, டேட்டாபேஸில் ஒரு சிறு முரண்பாடு தெரிய வந்திருக்கிறது என்று தொடங்கினார்.

"என்ன முரண்பாடு?" என்று மேடம் கேட்டார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் லெப்டொப்பைத் திருப்பி வைத்துச் சிங்களத்தில் சொன்னேன். "மேடம், இந்த நோய்ன்னு காட்டுற பதிவு பிழையான பேர்ல இருக்கு. அதப் போட்டது நான். ரெண்டு டியூப் மாறிப் போச்சு. இது அந்த டியூப், இது மத்தது. ரெண்டையும் தென் அமெரிக்காப் பதிவுகளோட ஒப்பிட்டு வச்சிருக்கேன். நீங்களே பாருங்க."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் போனார். இப்படி வாசிக்கிற ஒருவரை நான் அந்த வாரத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"அப்ப இது என்ன நோய்?" என்று துரை கேட்டார்.

"தெரியாது சேர்" என்றேன். "உள்ளூர்ப் பூஞ்சை. எட்டு வருஷமா இருந்திருக்கு. மழை கூடின வருஷம் இலையக் கொட்ட வைக்குது போல. பேர் இன்னும் யாரும் வைக்கல்ல."

"தெரியாதா? செவ்வாக்கிழமை நூறு வீதம் தெரியும்னு சொன்னீங்களே!"

"செவ்வாக்கிழமைய விட இப்ப கூடுதலாத் தெரியும் சேர். அதனாலதான் தெரியாதுன்னு சொல்றேன்."

மேடத்தின் உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. பிறகு முடிவைச் சொன்னார். வெட்டு நிறுத்தப்படுகிறது. புது இலையை அவர் கையாலேயே எடுத்து, வேறொரு லெப்பில், துண்டு ஒன்றோடு விடாமல் நாலைந்து துண்டுகளைப் படிப்பிப்பார். முடிவு வரும்வரைக்கும் மலைக்குள் ஆட்கள் போகக்கூடாது. எனக்கு ஒரு வேலை தந்தார். "நீங்க இதையெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்க."

எழுதினேன். என் சேவைக்காலத்தில் நான் எழுதிய மிக நீளமான தமிழ், சிங்கள, ஆங்கில ஆவணம் அதுதான். மூன்றிலும் பிழை என்னுடையது என்றே வந்தது.

7. திருத்தம்

பத்து நாளில் முடிவு வந்தது. உள்ளூர்ப் பூஞ்சைதான். வெயில் பட்டதும் நாலாம் நம்பர் மலை துளிர்க்கத் தொடங்கியது. சிவப்பு அடையாளம் மட்டும் போகவில்லை. அந்த பெயின்ட் நல்ல தரம்.

களஞ்சியத்துக்கு ஈமெயில் எழுதினேன். எரிக்கப்படவிருந்த மலையைப் பற்றியும், வேலை போகவிருந்தவர்களைப் பற்றியும், என் தவறைப் பற்றியும் ஒரு பக்கம். இரண்டு நாளில் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, பதிவைத் திருத்திவிட்டோம் என்று இரண்டே வரி. பழைய வடிவத்தை அவர்கள் அழித்துவிடுவதில்லை. புது வடிவத்துக்குப் பின்னால் வரலாறாக வைத்திருப்பார்கள். என் பிழையை விரும்புகிறவர்கள் இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

அந்த வருடம் எனக்கு முதலாம் தரம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் கிடைத்தது. டொக்டர் அதே வருடம் கொழும்பு மாநாடொன்றில் "தரவுக் களஞ்சியப் பிழைகளைக் கண்டறிவதில் எமது நிலையத்தின் அனுபவம்" என்று ஒரு உரை நிகழ்த்தி நல்ல பெயர் வாங்கினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. நன்றி சொன்ன ஸ்லைடில் என் பெயரும் இருந்தது. "வசந்தா" என்று.

புஷ்பத்திடம் நானே போய்ச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், அவளுக்குத் தெரிய வந்திருக்காது. மரத்தடியில் நின்று, டியூப் மாறியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டிக்கொண்டிருந்த பட்டையை முடித்து, பால் வடியும் சிரட்டையை நேராக்கி வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"ஒரு எழுத்து மாறுனதுக்கா மிஸ் எங்க லயமே ரெண்டு வாரம் செத்துப் பொழச்சிச்சு?"

"ஆமா."

"நீங்க சொல்லலன்னா?"

"எரிச்சிருப்பாங்க."

வாளியைக் கையில் எடுத்தாள். திட்டுவாள் என்று நின்றேன். "சரி, அடுத்த மரத்துக்குப் போகணும்" என்று போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். களஞ்சியத்தில் நீங்கள் எழுதுவதை உலகம் நம்பும். எட்டு வருடம் கழித்து நீங்களே நம்புவீர்கள். ஆகவே படிவத்தில் கட்டாயமில்லை என்று சொல்லும் இடங்களைத்தான் முதலில் நிரப்புங்கள். எந்த மரம், எந்த மலை, எந்த நாள், யார் கை. தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். அதற்கும் நம்பர் தருவார்கள்.

நாலாம் நம்பர் மலைப் பூஞ்சையைப் புதுப் பதிவாக அனுப்பியபோது நான் ஓர் இடத்தையும் வெறுமையாக விடவில்லை. அனுப்புவதற்கு முன் டொக்டர் ஒருமுறை பார்த்தார். இந்தத் தடவை கீழே வரைக்கும் பார்த்தார். எடுத்தவர் என்ற இடத்தில் விரல் நின்றது.

"யார் இந்த புஷ்பம்? எந்த யூனிவர்சிட்டி?"

"கொப்ப வளைச்சு இலையப் பிச்சவங்க சேர்" என்றேன்.

அவர் "ஸ்பெல்லிங் சரியா?" என்று மட்டும் கேட்டார். அவளிடமே கேட்டு எழுதியது என்று சொல்லி அனுப்பு பட்டனை அழுத்தினேன்.